பாலாற்றுப் பாலங்களுக்குத் தனிச் சுங்க ஆணையம் சரிவருமா?

காட்பாடி வடகரை (கேள்வி)

வணக்கம். பாலாற்றைக் கடக்க நமக்குக் காட்பாடி–வேலூர், ராணிப்பேட்டை–ஆற்காடு பாலங்கள் இருக்கின்றன. மேற்கே பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி சுற்றுவட்டாரத்தில் சின்னப் பாலங்களும் தரைப்பாலங்களும் உண்டு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் பள்ளிகொண்டாவிலும் வாணியம்பாடியிலும் சுங்கம் கட்டுகிறோம். அது அந்தச் சாலைக்கான பணம். ஊர்ப் பாலங்களுக்கு வேறு துறை, வேறு ஒதுக்கீடு.

அமெரிக்காவில் டெலவர் ஆற்றின்மேல் ஒரே பொது ஆணையம் சில பாலங்களில் சுங்கம் வாங்கி, அதிலேயே மற்ற இலவசப் பாலங்களையும் பராமரிக்கிறது என்று படித்தேன். பாலாற்றுக்கு அப்படி ஒன்று வைக்க விதிகள் இடம் தருமா? வசூல் தேறுமா? பணம் வந்தால் ஒரு பாலத்தில் எதற்கு முதலில் செலவழிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

சுங்கவிதி

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். சுங்கம் என்பது அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 59ஆவது இனம். ஆகவே மாநிலச் சாலையில் உள்ள பாலத்துக்குச் சுங்கம் விதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் 2002 முதல் வசூலித்து வருவதை எல்லோரும் பார்க்கிறோம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956 சட்டமும் 2008 கட்டண விதிகளும்தான் பேசும்.

அந்த 2008 விதிகளை ஓர் அளவுகோலாக வைத்துக் கணக்குப் போடலாம். நான்கு வழிச்சாலையில் காருக்கு அடிப்படைக் கட்டணம் 2007-08 விலையில் கி.மீ.க்கு 65 பைசா. பஸ், லாரிக்கு 2.20 ரூபாய். நான்கு முதல் ஆறு அச்சு உள்ள கனரக வண்டிக்கு 3.45 ரூபாய். அடிப்படைக் கட்டணம் ஆண்டுக்கு 3% கூட்டுவட்டி இல்லாமல் ஏறும். அதன்மேல் மொத்த விலைக் குறியீட்டு ஏற்றத்தில் 40% சேரும். இரண்டும் சேர்ந்து இன்றைக்கு எவ்வளவு ஆகியிருக்கிறது என்பதற்கு ஒரு சுருக்குவழி: சாவடியிலிருந்து 20 கி.மீ.க்குள் குடியிருப்பவர்களின் சொந்த வண்டிக்கான மாதப் பாஸ் 2007-08 விலையில் 150 ரூபாய். 2025-26இல் அதே பாஸ் 350 ரூபாய். சுமார் 2.3 மடங்கு.

பாலத்துக்கு வருவோம். 2025 ஜூலைத் திருத்தப்படி பாலம், சுரங்கம், மேம்பாலம் போன்ற கட்டுமானம் இருக்கும் பகுதிக்கு இரண்டு கணக்குப் போட்டு, குறைவானதை எடுக்க வேண்டும். ஒன்று, கட்டுமானத்தின் நீளத்தைப் பத்தால் பெருக்கி மிச்ச சாலை நீளத்தோடு கூட்டுவது. மற்றொன்று, பகுதியின் மொத்த நீளத்தை ஐந்தால் பெருக்குவது. 30 கி.மீ. சாலையில் 1 கி.மீ. பாலம் இருந்தால் 29 + 10 = 39 கி.மீ. மொத்தம் × 5 என்றால் 150. ஆகவே 39 கி.மீ.க்குக் கட்டணம்.

அதே 1 கி.மீ. பாலம் மட்டும் தனியாக ஒரு பகுதி என்றால்? 10 அல்லது 5, குறைவானது 5 கி.மீ. காருக்கு 3.25 ரூபாய், இன்றைய விலையில் ஏழரை ரூபாய்ப் பக்கம். இதை ஐந்து ரூபாயின் மடங்காக முழுமையாக்குவார்கள். ஒரு தனிப் பாலம், அதற்கென ஒரு சாவடி, மூன்று ஷிஃப்ட் ஆட்கள் என்று போனால் இந்தக் கட்டணத்தில் காரை நம்பிப் பிழைக்க முடியாது. லாரி வர வேண்டும்.

காட்பாடி–வேலூர் பாலத்தில் அதிகம் ஓடுவது இருசக்கர வண்டி, ஆட்டோ, டவுன் பஸ். இருசக்கர, மூன்றுசக்கர வண்டிகளிடம் இந்த விதிகளின்கீழ் பொதுவாகச் சுங்கம் கிடையாது. மேலும் நகராட்சி, மாநகராட்சி எல்லையிலிருந்து 10 கி.மீ.க்குள் சாவடி வைக்கக் கூடாது என்பது பொது விதி. காரணத்தை எழுதிவைத்தால் 5 கி.மீ. வரை நெருங்கலாம். ஒரு விலக்கும் உண்டு: அந்த ஊர்க்காரர்கள் பயன்படுத்துவதற்காகவே முதன்மையாகக் கட்டிய பாலம் என்றால் எல்லைக்குள்ளேயே சாவடி வைக்கலாம். சட்டப்படி வழி இருக்கிறது, ஆனால் தினம் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள்மேல்தான் சுமை விழும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், பலருக்குக் குழப்பம் இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் சுங்கம் 40% ஆகக் குறையும் என்பது பழைய விதி. 2023 திருத்தத்தில் அது எடுக்கப்பட்டுவிட்டது. “போட்ட பணம் வந்துவிட்டதே, ஏன் குறைக்கவில்லை” என்று சாவடி ஊழியரிடம் சண்டை போடுவதில் பயன் இல்லை. கேட்க வேண்டிய இடம் டெல்லி.

---

டெலவர் ஓரம்

நீங்கள் படித்த ஆணையத்தின் வரலாறு தெரிந்தால் நம் ஊருக்கு எது ஒத்துவரும், எது வராது என்பது புரியும்.

டெலவர் ஆறு பென்சில்வேனியாவுக்கும் நியூஜெர்சிக்கும் எல்லை. பாலத்தின் ஒரு முனை ஒரு மாநிலம், மறு முனை இன்னொன்று. பழைய பாலங்களைத் தனியார் கம்பெனிகள் கட்டிச் சுங்கம் வாங்கி வந்தன. 1918 முதல் 1932 வரை இரண்டு மாநிலங்களும் கூட்டுக்குழு அமைத்து, அந்தப் பாலங்களை விலைக்கு வாங்கிச் சுங்கத்தை எடுத்துவிட்டன. அந்தக் குழு ஏற்பட்டதே சுங்கப் பாலங்களை ஒழிப்பதற்காக. பிறகு கார், லாரி பெருகிப் புதிய பெரிய பாலங்கள் தேவைப்பட்டபோது, 1934இல் இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டு இன்றைய சுங்கப் பால ஆணையத்தை உருவாக்கின. 1935இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. மாநிலத்துக்கு ஐந்து பேர் வீதம் பத்து உறுப்பினர்கள். ஈஸ்டன்–பிலிப்ஸ்பர்க் இடையே முதல் சுங்கப் பாலம் 1938 ஜனவரியில் திறந்தது.

இப்போது அதன் கையில் 8 சுங்கப் பாலங்களும் 12 இலவசப் பாலங்களும் இருக்கின்றன. இலவசத்தில் இரண்டு, நடந்து போகிறவர்களுக்கு மட்டும். நீங்கள் கேட்ட விஷயத்துக்கு முக்கியமான ஆண்டு 1987. அதுவரை இலவசப் பாலங்களின் செலவை இரு மாநில அரசுகளும் வரிப்பணத்திலிருந்து பாதிப் பாதி கொடுத்தன. ஒப்பந்தம் திருத்தப்பட்டபின் அந்தச் செலவு முழுவதும் சுங்க வருவாய்க்கு மாறியது. அதிலிருந்து 20 பாலங்களுக்கும் ஒரே பை.

வசூல் ஒரு திசையில் மட்டும். பென்சில்வேனியாவுக்குள் நுழையும்போது கட்ட வேண்டும், திரும்பி வரும்போது இல்லை. சாவடியும் ஆளும் பாதி போதும். அப்படியானால் எல்லோரும் போகும்போது இலவசப் பாலத்தில் போய்விடலாமே என்று தோன்றும். அங்கேதான் எடை வரம்பு வேலை செய்கிறது. ட்ரென்டன் நகரில் கால்ஹூன் தெருப் பாலம் 1884இல் கட்டிய இரும்புப் பாலம், இலவசம், 3 டன்னுக்கு மேல் அனுமதி இல்லை. பாலத்தருகில் காவலாளி நிற்கிறார். கார்க்காரர் இலவசமாகப் போகட்டும், லாரி சுங்கப் பாலத்துக்குத்தான் வந்தாக வேண்டும். ஆணையத்துக்கு வேண்டியதும் லாரிச் சுங்கம்தான்.

பாலாற்றுக்கு வந்தால்: கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கி.மீ. ஓடுகிறது. நம் பகுதியில் இரண்டு கரையும் தமிழ்நாடு. மாநிலங்களுக்கு இடையே ஒப்பந்தம் எதுவும் வேண்டாம், ஒரு மாநிலச் சட்டம் போதும். ஆனால் லாரி ஓடும் பெரிய பாலம் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. அதன் சுங்கம் ஒப்பந்ததாரருக்கோ மத்திய அரசின் தொகுப்பு நிதிக்கோ போகிறது. டெலவரில் பெரிய பாலம் சம்பாதித்துச் சின்னப் பாலத்தைக் காப்பாற்றுகிறது. இங்கே இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். சட்டம் எழுதுவதைவிட இந்தப் பணத்தை இணைப்பதுதான் கஷ்டம்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு சொல். 1955 ஆகஸ்டில் அடுத்தடுத்து இரண்டு புயல்மழை வந்து டெலவரில் பெருவெள்ளம். யார்ட்லி, பாயின்ட் ப்ளெசன்ட், போர்ட்லண்டு–கொலம்பியா மரக்கூரைப் பாலம் எல்லாம் போய்விட்டன. போர்ட்லண்டில் மிஞ்சிய பழைய தூண்கள்மேல் 1958இல் நடைபாலம் கட்டினார்கள். அடித்தளம் பிழைத்தால் பாலத்தை மீட்கலாம் என்பதற்கு அது சாட்சி.

---

சத்துவாச்சாரி சிவில்

பணத்தை எதற்குச் செலவழிப்பது என்ற கேள்விக்கு என் பதில்: முதலில் அடித்தளத்துக்கு. பாலாற்றில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மேலே உள்ள பள்ளம், உடைந்த கைப்பிடிச் சுவர் கண்ணில் படும், மனு போகும், ஒட்டுப்போடுவார்கள். படுகை இறங்குவது யார் கண்ணிலும் படாது.

கணக்கைப் பாருங்கள். சாலை, பாலங்களுக்குத் தரவிதி எழுதும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 78ஆவது விதித்தொகுப்பில் சராசரி மண் அரிப்பு ஆழத்துக்குச் சூத்திரம் உண்டு: ஒரு மீட்டர் அகலத்தில் வினாடிக்கு ஓடும் கன மீட்டரை வர்க்கமாக்கி, மணலின் படிவுக் குணகத்தால் (மணல் எவ்வளவு கொரகொரப்பு என்பதைக் காட்டும் எண்) வகுத்து, கனமூலம் எடுத்து, 1.34ஆல் பெருக்குவது. ஓர் உதாரணம்: மீட்டருக்கு 8 கன மீட்டர், கொரகொரப்பான மணலுக்குக் குணகம் 1.5. 64 ÷ 1.5 = 42.67. கனமூலம் 3.49. பெருக்கினால் 4.68 மீ. நட்டாற்றுத் தூணுக்கு இதை இரட்டிப்பாக்க வேண்டும்: 9.36 மீ. கரைத் தூணுக்கு 1.27 மடங்கு: 5.94 மீ. இந்த ஆழமெல்லாம் உச்ச வெள்ள மட்டத்திலிருந்து அளப்பது, படுகையிலிருந்து அல்ல. பலர் இங்கே தவறுகிறார்கள்.

கிணற்று அடித்தளம் (தூணைத் தாங்க மணலுக்குள் இறக்கிய கிணறு வடிவக் கட்டுமானம்) அதிகபட்ச அரிப்பு ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் கீழே இறங்கியிருக்க வேண்டும். 9.36இல் மூன்றில் ஒன்று 3.12. ஆக வெள்ள மட்டத்திலிருந்து 12.5 மீ. கீழே அடி உட்காரும். அந்த 3.12 மீட்டர்தான் பெருவெள்ளத்தில் தூணைப் பிடித்து நிறுத்துவது.

இப்போது மணல் அள்ளி, நீண்ட தொலைவுக்குப் படுகை 3 மீ. இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெள்ள மட்டமும் ஏறக்குறைய அதே அளவு இறங்கும். அரிப்பு மட்டமும் கூடவே இறங்கும். கிணறு மட்டும் கட்டிய இடத்திலேயே நிற்கும். பிடிமானத்தில் மிச்சம் 12 செ.மீ. பாலம் பார்ப்பதற்கு நேற்று இருந்த மாதிரியேதான் இருக்கும்.

பாலாறு பல வருஷம் வறண்டு கிடக்கும், திடீரென்று வரும். 1903 நவம்பரில் வாணியம்பாடியை அடித்தது, 2021 நவம்பரிலும் கரைபுரண்டது. நடுவில் வறண்ட காலத்தில் யாரும் அடித்தளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் அளக்கவும் சரிசெய்யவும் வசதியான காலம் அதுதான்: நீர்மூழ்கி வீரர் வேண்டாம், படகு வேண்டாம், டேப்பும் லெவல் கருவியும் போதும்.

சரிசெய்யும் முறை: தூணைச் சுற்றிக் கல் பாவு போட வேண்டும். ஒரு கல் 40 கிலோவுக்குக் குறையக் கூடாது. அதைவிடச் சின்னக் கல்லை வெள்ளம் உருட்டிக்கொண்டு போய்விடும். கல்லுக்கு அடியில் வடிகட்டி அடுக்கு அவசியம், ஜல்லி அடுக்காகவோ ஜியோ துணியாகவோ. அது இல்லாமல் கல்லை மட்டும் கொட்டினால் இடுக்கு வழியாக மணல் உறிஞ்சப்பட்டு, கல் அப்படியே புதைந்துவிடும். கல்லைத் தூணருகே மேடாகக் குவிப்பது இன்னொரு தவறு. நீரோட்டப் பாதையை அது குறுக்கிவிடும், பக்கத்துத் தூணுக்கு அரிப்பு கூடும். கல்லின் மேல்மட்டம் படுகை மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். கீழ்ப்புறம் படுகை தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தால் கல்லும் நிற்காது. பாலத்துக்குக் கீழே குறுக்குச் சுவர் கட்டிப் படுகையை அந்த மட்டத்தில் நிறுத்தியாக வேண்டும்.

அடுத்து எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டும் (பாலத் தளம் நீண்டு சுருங்க விடும் இடைவெளி) பேரிங்கும் (தளத்தின் உத்தரம் தூண்மேல் உட்காரும் தாங்கி). இரண்டும் ஒரே நோய். இரண்டு தூண்களுக்கு நடுவே 40 மீ. நீளமுள்ள கான்கிரீட் ஸ்பான், 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் சுமார் 14 மி.மீ. நீண்டு சுருங்கும். வேலூர் வெயிலுக்கு இது சாதாரணம். அந்த இடைவெளியில் உள்ள ரப்பர் பட்டை கிழிந்தால் மழைத்தண்ணீரும் மண்ணும் நேராகப் பியர் கேப்மேல் (தூணின் தலைப்பகுதி) விழும், பேரிங் சகதியில் உட்காரும். மண் இறுகினால் கர்டர் (தளத்தைத் தாங்கும் நீள உத்தரம்) நகர முடியாமல் முனையில் கான்கிரீட் உடையும். ரப்பர் பட்டை சின்னச் செலவு. அதை விட்டால் பேரிங் மாற்றுவது பெரிய செலவு.

பேரிங் மாற்றும்போது கர்டர் முனைகளுக்கு நடுவே உள்ள குறுக்கு உத்தரத்தின் கீழ் ஹைட்ராலிக் ஜாக்குகளை வைத்து, ஒரே பம்ப் இணைப்பில், எல்லாக் கர்டரையும் ஒன்றாகத் தூக்க வேண்டும். 5 முதல் 10 மி.மீ. போதும். ஒரு ஜாக் முந்தினால் ஸ்லாப் முறுக்கி விரிசல் விடும். தூக்கியதும் ஜாக்கைப் பூட்டும் லாக் நட்டை இறுக்கிவிடணும். எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பி ஆள் கை உள்ளே போகக் கூடாது. பழைய பேரிங்கை எடுத்து, பீடத்தை எபாக்சி கலவையால் சமதளமாக்கி, புதியதை வைத்து, மெல்ல இறக்க வேண்டும். குறுக்கு உத்தரம் தூக்குவதற்கான பலத்தோடு வடிவமைக்கப்பட்டதா என்பதைப் பழைய வரைபடத்தில் பார்க்காமல் ஜாக் வைக்கவே கூடாது. பழைய பாலங்களில் பெரும்பாலும் அங்கேதான் சிக்கல், தற்காலிகத் தாங்கி கட்டித் தூக்க வேண்டியிருக்கும்.

மழைநீர்க் குழாய் அடைப்பு எடுக்க ஒரு கம்பியும் ஒரு ஆளும் போதும். அதைக்கூடச் செய்யாமல் விட்ட பாலங்கள்தான் சீக்கிரம் கெடுகின்றன.

---

காட்பாடி வடகரை

ரொம்ப நன்றி சார். ஆணையம் வரும்வரை காத்திருக்க முடியாது. படுகை இறங்கியிருக்கிறதா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படி உறுதிசெய்வது? துறையிடம் எந்தக் காகிதத்தைக் கேட்பது?

---

சத்துவாச்சாரி சிவில்

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். “பாலம் நல்ல நிலையில் இருக்கிறதா” என்று கேட்டால் “இருக்கிறது” என்று ஒரு வரி வரும். பெயர் சொல்லி ஆவணம் கேட்க வேண்டும்: பாலத்தின் பொது ஏற்பாட்டு வரைபடம் (அதில் உச்ச வெள்ள மட்டம், கட்டியபோது இருந்த படுகை மட்டம், அரிப்பு மட்டம், அடித்தளத்தின் அடிமட்டம் நான்கும் இருக்கும்), கடைசி இரண்டு ஆய்வு அறிக்கைகள், 2021 வெள்ளத்துக்குப் பிறகு எடுத்த படுகைக் குறுக்குவெட்டு அளவு. சட்டத்தின் பிரிவு 2(ஜே) ஆவணங்களை நேரில் பார்வையிடவும் உரிமை தருகிறது, அதையும் அதே மனுவில் எழுதுங்கள்.

வரைபடம் கையில் வந்தபின் ஆறு வறண்ட நாளில் பியர் கேப்பின் அடிப்பகுதியிலிருந்து மணல் வரை டேப் வைத்து அளக்கலாம். நீர் வரும் பக்கத்து முனையில் அளக்கணும், அங்கேதான் அரிப்பு ஆழம். எல்லாத் தூணிலும் எடுங்கள். சராசரி ஏமாற்றும், ஒரு தூண் மட்டும் 2 மீ. கூடுதலாக இறங்கியிருக்கலாம். கிணற்றின் தொப்பியோ பைல் (மண்ணுக்குள் இறக்கிய அடித்தளக் கம்பம்) தலையோ வெளியே தெரிந்தால் போட்டோவில் ஓர் அளவுகோலையும் சேர்த்து எடுத்து அனுப்புங்கள். தண்ணீர் ஓடும்போது இறங்க வேண்டாம், மணல் குழி தெரியாது.

---

ஆம்பூர் லாரி

டெலவர் ஓரம் அண்ணன் சொன்ன ஒரு திசை வசூலும் எடை வரம்பும் இங்கே அப்படியே வராது. நம்மிடம் இரண்டு திசையிலும் வாங்கி, 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்கு என்பது பழக்கம். 3 டன் பலகை நட்டுவிட்டு ஆள் நிற்காவிட்டால் ராத்திரி லாரி ஏறும். உயரத் தடுப்பு இரும்பு வளைவு வைத்தால் பஸ்ஸும் ஆம்புலன்சும் மாட்டும்.

2018இல் மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. பழைய பாலங்களுக்கு இந்தச் சுமையை வைத்து மறுகணக்குப் போட்டார்களா என்பதையும் அந்த மனுவில் சேருங்கள். ஆணையம் வந்தால் சுங்கத்தோடு எடைமேடையும் அதன் கையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பாலத்தைத் தின்பது கூடுதல் லோடு. அதைப் பிடிக்காமல் சுங்கம் மட்டும் வாங்கினால் நியாயமாக ஓட்டுகிறவன் மற்றவனுக்கும் சேர்த்துக் கட்டுகிறான்.

---

சுங்கவிதி

லாரி நண்பர் சொன்னது சரி. தேசிய நெடுஞ்சாலை விதிகளில் கூடுதல் பாரத்தை இறக்காமல் வண்டியை விடக் கூடாது என்றே இருக்கிறது. மாநிலச் சட்டம் எழுதினால் அதையும் எழுத வேண்டும்.

காட்பாடி நண்பருக்கு: மாநிலச் சட்டம் என்று மனு கொடுக்கப் போனால் மூன்று வாசகங்களைக் கேளுங்கள். வசூல் முழுவதும் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், பொது நிதிக்குப் போகக் கூடாது. எந்தெந்தப் பாலங்களுக்குச் செலவாகும் என்ற பட்டியல் சட்டத்தின் இணைப்பிலேயே இருக்க வேண்டும், இலவசப் பாலங்களும் பெயரோடு. ஆண்டுதோறும் வெளிப் பொறியாளர் ஒருவரின் ஆய்வறிக்கை தமிழில் வெளியாக வேண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கத்தில் ஒரு பங்கை இந்தக் கணக்குக்குக் கேட்பது தனிக் கோரிக்கை, அது நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகப் போகட்டும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்த ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் (தொடக்க விலை 3,000 ரூபாய், 200 பயணம் அல்லது ஓராண்டு) தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டும். பள்ளிகொண்டா, வாணியம்பாடி, திருவண்ணாமலை வழியில் வல்லம் இவற்றில் செல்லும். மாநில ஆணையம் ஒரு பாலத்தில் சுங்கம் வைத்தால் அங்கே ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து தனியாகக் கழியும். உள்ளூர் மாதப் பாஸும் அந்தந்தச் சாவடிக்கு மட்டுமே. ஆர்.சி. புத்தகமும் முகவரிச் சான்றும் எடுத்துக்கொண்டு அந்தச் சாவடி அலுவலகத்திலேயே வாங்கலாம்.